ழான்-பியேர் ராம்பாலும் பரோக் இசையின் மறுவாழ்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராம்பால் யார்? பரோக் இசையைப் பற்றிப் பேசும்போது அவர் பெயர் ஏன் முதலில் வருகிறது?

ழான்-பியேர் ராம்பால் பிரான்சின் தென்கடற்கரை நகரமான மார்செய்யில் 1922 ஜனவரி 7 அன்று பிறந்து, 2000 மே 20 அன்று பாரிஸில் மறைந்த குழலிசைக் கலைஞர். மேற்கத்தியச் செவ்வியல் இசையில் தனிக் கச்சேரி என்றால் பியானோவும் வயலினும்தான் அரங்கை நிரப்பும் என்று கச்சேரி நடத்துபவர்கள் நம்பியிருந்த காலத்தில், புல்லாங்குழலை முதன்மை வாத்தியமாக நிறுத்தி உலகின் பெரிய அரங்குகளை அவர் நிரப்பினார். அதை அவர் புதிய இசையைக் கொண்டு மட்டும் செய்யவில்லை. இருநூறு ஆண்டுகளாக நூலகங்களில் அடைந்து கிடந்த பரோக் காலப் படைப்புகளைத் தேடி எடுத்து, வாசித்து, பதிவு செய்து, அச்சிலும் கொண்டுவந்தார். இன்று விவால்டியின் குழல் கான்செர்ட்டோக்களை (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகளை) உலகெங்கும் பள்ளி மாணவர்கள்கூட வாசிக்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் இருப்பவர்களுள் முதன்மையானவர் ராம்பால்.

பரோக் இசை என்பது எந்தக் காலத்து இசை? அதில் புல்லாங்குழலுக்கு என்ன இடம் இருந்தது?

ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை ஐரோப்பாவில் எழுதப்பட்ட இசையைப் பரோக் என்கிறோம். பாக், ஹேண்டல், விவால்டி, டெலிமான் ஆகியோர் அக்காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தவர்கள். அந்தக் காலகட்டத்தின் தொடக்கத்தில் குறுக்காகப் பிடித்து வாசிக்கும் குழலுக்குத் தனி மதிப்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுக் கைவினைஞர்கள் அதன் உட்குழாயைக் கூம்பு வடிவாக்கி, சுண்டுவிரலால் அழுத்தும் ஒரே ஒரு சாவியைச் சேர்த்து, பல துண்டுகளாகப் பிரித்து இணைக்கும்படி மாற்றியமைத்த பிறகே அது அரண்மனைகளின் விருப்ப வாத்தியமாயிற்று. அதை வாசிக்கக் கற்றுத்தரும் முதல் நூலை ஓட்டேர் என்ற பிரெஞ்சுக் கலைஞர் 1707-இல் வெளியிட்டார்.

அதன் பிறகு வந்த ஐம்பது ஆண்டுகள்தாம் குழலின் பொற்காலம். பாரிஸில் பிளாவே, ஹாம்பர்கில் டெலிமான், லைப்சிக்கில் பாக், வெனிஸில் விவால்டி எனப் பலரும் குழலுக்காக எழுதினார்கள். பிரஷ்யாவின் மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் தாமே நல்ல குழல் கலைஞர். நூற்றுக்கும் மேற்பட்ட சொனாட்டாக்களை (ஒன்றிரண்டு வாத்தியங்களுக்கான பல பகுதிகள் கொண்ட படைப்புகளை) எழுதினார். அவருடைய ஆசிரியர் குவாண்ட்ஸ் எழுதியவற்றில் கான்செர்ட்டோக்கள் மட்டும் சுமார் 300 தேறும்.

இவ்வளவு வளமான இசை எப்படி மறக்கப்பட்டது?

அக்காலத்து இசை பெரும்பாலும் அந்தந்த நிகழ்வுக்காக எழுதப்பட்டது. மன்னரின் மாலை நேரக் கச்சேரிக்கு, தேவாலயத்தின் குறிப்பிட்ட ஞாயிற்றுக்கு, ஒரு புரவலரின் வீட்டுக் கூடத்துக்கு என்று எழுதப்பட்டு, வாசிக்கப்பட்டு, அலமாரிக்குள் போயிற்று. பழைய இசையைத் தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்ப வாசிக்கும் வழக்கம் பின்னால்தான் வேரூன்றியது.

குழலைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அரங்குகள் பெரிதாயின, இசைக்குழுக்கள் பெருத்தன, அந்த ஓசைக்கு முன்னால் ஒற்றைச் சாவிக் குழலின் மென்குரல் எடுபடவில்லை. ஜெர்மனியின் தியோபால்ட் பேம் 1832-லும் 1847-லும் குழலை அடியோடு மாற்றியமைத்தார். அவருடைய உருளை வடிவ உலோகக் குழல் எல்லாச் சுரங்களையும் ஒரே வலிமையோடு ஒலித்தது. ஆனால் குழல் வலிமை பெற்ற அந்த நேரத்தில் பெரும் இசையமைப்பாளர்கள் பியானோவுக்கும் வயலினுக்கும் போய்விட்டார்கள். குழல் கலைஞர்களுக்கு மிஞ்சியது பெரும்பாலும், புகழ்பெற்ற ஓபரா மெட்டுகளைச் சுற்றி விரல் வேகத்தைக் காட்டும் அலங்கார உருப்படிகளே. நல்ல வாத்தியம் கையில் இருந்தது, அதற்கு உரிய இலக்கியமோ பழைய தாள்களில் உறங்கியது.

ராம்பாலுக்கு முன்னால் இந்த இசையை மீட்க யாரும் முயலவில்லையா?

முயன்றார்கள். ராம்பாலை வானத்திலிருந்து விழுந்தவராகக் காட்டும் எழுத்து அவருக்கு முன்னோடிகளாக இருந்தவர்களுக்கு அநீதி செய்கிறது. பாரிஸ் கன்சர்வட்வார் என்ற இசைக்கல்லூரியின் பேராசிரியர் பால் டஃபனெல் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாக்கின் சொனாட்டாக்களைத் தம் மாணவர்களுக்குக் கற்பித்தார். அவருடைய மாணவர்களுள் ஒருவரான லூயி ஃப்ளெரி பழைய குழல் இசையைத் தேடிப் பதிப்பித்து மேடையேற்றினார், ஆனால் 1926-இல் இளம் வயதிலேயே இறந்துபோனார்.

டஃபனெலின் வழியில் வந்த மற்றொருவர் ஹென்பான். அவரிடம் கற்றவர் ழோசஃப் ராம்பால், நம் கலைஞரின் தந்தை. ஆக, தந்தை வழியே டஃபனெல் வரை நீளும் குரு பரம்பரை ஒன்று அவருக்கு இருந்தது. முன்னோருக்குக் கிடைக்காத மூன்றாவது வசதி ஒன்று ராம்பாலுக்கு வாய்த்தது: திறமையோடும் ஆர்வத்தோடும் சேர்ந்து, நீண்டநேரம் ஓடும் இசைத்தட்டும் அவர் காலத்தில் வந்து சேர்ந்தது.

மருத்துவம் படித்தவர் எப்படி இசைக்கு வந்தார்?

தந்தை மார்செய் இசைக்குழுவின் முதன்மைக் குழல் கலைஞர், அவ்வூர் கன்சர்வட்வாரில் பேராசிரியரும்கூட. மகன் அவரிடமே கற்றார். ஆனாலும் கலைஞனின் வாழ்க்கை நிலையற்றது என்று அறிந்த பெற்றோர், மகன் மருத்துவர் ஆவதையே விரும்பினார்கள். அவரும் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

1943-இல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் இருந்த பிரான்சில், அவர் வயதையொத்த இளைஞர்களை ஜெர்மனியின் தொழிற்சாலைகளுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பும் ஆணை வந்தது. ராம்பால் அதற்கு இணங்காமல் தலைமறைவாகிப் பாரிஸுக்குப் போனார். அங்கே கன்சர்வட்வாரில் காஸ்தோன் க்ருனெலின் வகுப்பில் சேர்ந்து, சில மாதங்களிலேயே, 1944-இல், முதல் பரிசை வென்றார். அவ்வாண்டுப் போட்டிக்கென ஆந்த்ரே ழோலிவே எழுதிக்கொடுத்த உருப்படி இன்றும் குழல் இலக்கியத்தின் கடினமான படைப்புகளுள் ஒன்று. பாரிஸ் விடுதலையான பின், 1945-இல், பிரெஞ்சு இசையமைப்பாளர் இபேரின் கான்செர்ட்டோவைத் தேசிய இசைக்குழுவோடு வானொலியில் நேரடியாக வாசித்தார். அதோடு மருத்துவப் படிப்பு முடிந்தது.

பழைய இசைப்பிரதிகளை அவர் எப்படித் தேடினார்? பிரதி கிடைத்துவிட்டால் வாசித்துவிட வேண்டியதுதானே?

போருக்கு முன்பே அவர் பழைய குழல் இசைப்பிரதிகளைச் சேகரிக்கத் தொடங்கியிருந்தார். பின்னாளில் பயணம் போகும் ஊர்களிலெல்லாம் நூலகத்தையும் ஆவணக்காப்பகத்தையும் தேடிப் போவது அவர் வழக்கமாயிற்று. பாரிஸ், பெர்லின், வியன்னா, டூரின் ஆகிய நகரங்களின் சேகரிப்புகள் அவருக்குச் சுரங்கங்களாக இருந்தன.

டூரினை எடுத்துக்கொள்வோம். இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில் சலேசியத் துறவியர் நடத்திய கல்லூரி ஒன்று 1926-இல் தன்னிடமிருந்த பழைய தாள் கட்டுகளின் விலையை அறிய விரும்பி டூரின் நூலகத்தை அணுகியது. பேராசிரியர் ஆல்பெர்த்தோ ஜென்டிலி அவற்றைப் பார்த்தபோது, விவால்டியின் கைப்பிரதிகள் தொகுதி தொகுதியாக இருப்பதைக் கண்டார். அவை ஒரு பாதிதான், மறுபாதி ஒரு குடும்பத்திடம் இருந்தது. குழந்தையைப் பறிகொடுத்த இரண்டு செல்வந்தர்கள், தங்கள் பிள்ளைகளின் நினைவாக, அந்த இரண்டு பாதிகளையும் ஆளுக்கொன்றாக வாங்கி டூரினின் தேசிய நூலகத்துக்குக் கொடுத்தார்கள். இன்றும் அத்தொகுதிகள் அப்பிள்ளைகளின் குடும்பப் பெயர்களான ஃபோவா, ஜோர்தானோ என்பவற்றாலேயே வழங்குகின்றன. 1947-இல்தான் விவால்டியின் கருவி இசையை முழுமையாக அச்சிடும் திட்டம் இத்தாலியில் தொடங்கியது. ராம்பாலின் இளமைக்காலமும் விவால்டி மீண்டு வந்த காலமும் ஒன்றே என்பதை நினைவில் வைத்தால், அவர் பதிவுகளில் தெரியும் அந்த முதல் கண்டுபிடிப்பின் மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

பிரதி கிடைத்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. பல படைப்புகள் முழு இசைக்குறிப்பாகக் கிடைப்பதில்லை. குழலுக்கு ஒரு தாள், வயலினுக்கு ஒரு தாள், அடிக்குரலுக்கு ஒரு தாள் என்று தனித்தனியாகவே கிடைக்கும். அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால்தான் எழுத்தர் எங்கே தவறு செய்தார் என்பது தெரியும். சில சமயம் தாளே குறையாக இருக்கும். பாக் தம் ஏ மேஜர் குழல் சொனாட்டாவை, வேறொரு கான்செர்ட்டோ எழுதிய தாள்களின் அடியில் மிச்சமிருந்த வெற்று வரிகளில் எழுதினார். பின்னர் யாரோ அந்த அடிப்பகுதியைக் கத்தரித்து எடுத்துவிட, அதன் முதல் பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்ட தாள அளவுகள் காணாமற்போயின. இன்று அதை வாசிக்கும் எவரும் யாரோ ஒருவர் ஊகித்து நிரப்பிய வடிவத்தையே வாசிக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய சிக்கல், தாளில் உள்ளது முழு இசை அன்று என்பதே. மெதுவான பகுதிகளில் இசையமைப்பாளர் எலும்புக்கூட்டை மட்டும் எழுதுவார், சதையைக் கலைஞர் தம் கற்பனையால் சேர்க்க வேண்டும். டெலிமான் 1728-இல் ஹாம்பர்கில் வெளியிட்ட சொனாட்டாக்களில், கற்போருக்கு உதவியாக, எளிய மெட்டையும் அதை அலங்கரித்து வாசிக்கும் முறையையும் இரண்டு வரிகளாகச் சேர்த்தே அச்சிட்டார். அந்த இரு வரிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தவருக்கு, அச்சில் உள்ள கிருதிக்கும் பாடகர் பாடும் கிருதிக்கும் உள்ள தொலைவு நினைவுக்கு வரும். தாளில் உள்ளதை அப்படியே வாசித்தால் அந்த இசை சவம். ராம்பாலுக்கு இது தெரிந்திருந்தது, அவருடைய மனோதர்மமே அவரைத் தம் காலத்தின் மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது.

வெய்ரோன்-லக்ருவா என்ற பெயரும் கூடவே வருகிறதே, அவர் யார்?

ரோபேர் வெய்ரோன்-லக்ருவா பாரிஸைச் சேர்ந்த ஹார்ப்சிகார்ட் (தந்திகளை மீட்டி ஒலிக்கும் பழைய விசைப்பலகை வாத்தியம்), பியானோ கலைஞர். ராம்பாலைப் போலவே 1922-இல் பிறந்தவர். போர் முடிந்த காலத்தில் தொடங்கிய அவர்களுடைய கூட்டு ஏறத்தாழ 35 ஆண்டுகள் நீடித்து, 1980-களின் தொடக்கத்தில் வெய்ரோன்-லக்ருவாவின் உடல்நலம் குன்றியபோதுதான் நின்றது.

அவர் பங்கைக் குறைத்து எடைபோடுவது வழக்கமாகிவிட்டது. அது எனக்கு வருத்தம் தருகிறது. பரோக் சொனாட்டாவில் விசைப்பலகைக் கலைஞருக்குத் தரப்படுவது அடிக்குரல் வரியும் அதன் மேலோ கீழோ இடப்பட்ட சில எண்களும்தான். இந்த முறைக்குக் கான்டினுவோ என்று பெயர். எந்த எண்ணுக்கு எந்தச் சுரக்கூட்டு என்று வலக்கை தானே முடிவு செய்து, குழலின் நடையைக் கேட்டபடி நிரப்பிக்கொண்டே போக வேண்டும். ராம்பால் கண்டெடுத்த பிரதிகள் பல இப்படித்தான் இருந்தன. அவற்றைக் கச்சேரிக்கு உரிய வடிவமாக்கியது வெய்ரோன்-லக்ருவாவின் வலக்கை. 1949-இல் இருவரும் பாரிஸின் சால் கவோ அரங்கை எடுத்து, குழலும் பியானோவும் மட்டுமே இடம்பெறும் முழு நிகழ்ச்சியை நடத்தினார்கள். பலர் அவநம்பிக்கையோடு பார்த்த அந்த முயற்சி வென்றது. அதன் பிறகு இப்படிப்பட்ட கச்சேரி ஒரு விநோதமாகக் கருதப்படவில்லை.

பாரிஸ் பரோக் குழுமம் என்பது என்ன?

ராம்பால் 1952-இல் அமைத்த ஐவர் குழு. குழல், ஹார்ப்சிகார்ட் இரண்டோடும் பியேர் பியேர்லோவின் ஓபோ, ரோபேர் ஜாந்த்ரின் வயலின், போல் ஓஞ்சின் பசூன் ஆகியவை சேர்ந்தன. ஓபோவும் பசூனும் நாணல் சீவாளி வைத்து ஊதும் வாத்தியங்கள். இந்த ஐந்து வாத்தியங்கள் இருந்தால் விவால்டியின் சிற்றரங்கக் கான்செர்ட்டோக்களையும் டெலிமானின் நால்வர் இசையையும் அப்படியே வாசிக்கலாம். ஒரே குழு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒன்றாக வாசித்ததால், ஒருவர் மூச்செடுக்கும் இடம் மற்றவருக்குத் தெரிந்திருந்தது. பதிவுகளிலும் அது கேட்கிறது.

போருக்குப் பிந்தைய மக்களுக்கு இந்தப் பழைய இசை ஏன் பிடித்தது?

பலரும் மனநிலையைக் காரணமாகச் சொல்வார்கள். அழிவுகளைக் கண்ட தலைமுறைக்கு, பெரும் ஓசையும் பெரும் உணர்ச்சியும் கொண்ட இசையைவிட, தெளிவும் ஒழுங்கும் மகிழ்ச்சியும் கொண்ட இசை ஆறுதல் தந்தது என்பதில் உண்மை இருக்கலாம். எனக்கு அதைவிடக் கண்கூடான காரணங்கள் முக்கியமாகப் படுகின்றன.

1948-இல் அமெரிக்காவில் நீண்டநேர இசைத்தட்டு விற்பனைக்கு வந்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கும் மேல் ஓடும் தட்டில் ஆறு கான்செர்ட்டோக்கள் கொண்ட தொகுப்பை ஒன்றிரண்டு தட்டுகளில் அடக்கிவிடலாம். பெரிய நிறுவனங்களோ புகழ்பெற்ற நடத்துநர்களையும் சிம்பனிகளையும் கைக்குள் வைத்திருந்தன. புதிதாக முளைத்த சிறு நிறுவனங்களுக்கு அந்த அளவு பணமில்லை. பத்துப் பன்னிரண்டு கலைஞர்களை வைத்து, யாரும் இதுவரை பதிவு செய்யாத இசையை வெளியிடுவது அவற்றுக்குக் கைகொடுத்தது. பாரிஸின் சிறு நிறுவனங்கள் சிலவற்றில் தொடங்கிய ராம்பால், பிறகு எராட்டோ நிறுவனத்தில் நிலைகொண்டு, பயார் சிற்றரங்க இசைக்குழுவோடும், பாதுவாவைச் சேர்ந்த ‘ஐ சொலிஸ்தி வெனெத்தி’ குழுவோடும் தட்டுத் தட்டாகப் பதிவு செய்தார். விவால்டியின் பத்தாம் தொகுதிக் குழல் கான்செர்ட்டோக்களின் பதிவுக்கு 1954-இல் பிரான்சின் உயரிய இசைத்தட்டுப் பரிசு கிடைத்தது. வானொலியும் அவற்றை ஒலிபரப்பியது. இசைத்தட்டு வணிகமும் பரோக் இசையும் ஒன்றையொன்று வளர்த்தன.

தங்கக் குழலின் கதை உண்மையா?

உண்மைதான். 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸின் தலைசிறந்த குழல் கைவினைஞர் லூயி லோ 1869-இல் தங்கத்தால் ஒரே ஒரு குழல் செய்தார். அதன் எண் 1375. 1948-இல் அது ஒரு பழம்பொருள் வணிகரிடம் இருந்தது. அவர் அதைத் தங்கத்துக்காக உருக்கிவிட எண்ணியிருந்தபோது, ராம்பால் குடும்பத்தினரின் உதவியோடு பணம் திரட்டி வாங்கினார். பத்தாண்டுகளுக்கும் மேலாக அதில் வாசித்தார். அமெரிக்கப் பயணங்கள் தொடங்கிய பிறகு பாஸ்டனின் ஹெய்ன்ஸ் நிறுவனம் அவருக்கு 14 காரட் தங்கக் குழல் ஒன்றைச் செய்துகொடுக்க, பழைய குழல் பிரான்சில் வங்கிப் பெட்டகத்துக்குப் போயிற்று.

மக்கள் அவரைத் ‘தங்கக் குழல்காரர்’ என்றே அடையாளம் கண்டார்கள். ஆனால் அந்த ஒலி தங்கத்தின் விளைவு என்று நினைப்பது தவறு. உதட்டின் அமைப்பும் மூச்சின் ஓட்டமும் அவர் கையில் எந்தக் குழலையும் அப்படியே ஒலிக்க வைத்தன.

அவர் பரோக் காலக் குழலில் வாசிக்கவில்லை. அப்படியிருக்க, அதை மறுமலர்ச்சி என்று சொல்லலாமா?

அடிக்கடி எழும் கேள்விகளில் இதுவே கடினமானது, நியாயமானதும்கூட. ராம்பால் வாசித்தது 19-ஆம் நூற்றாண்டின் பேம் குழல். பாக்கும் விவால்டியும் எழுதியது மரத்தாலோ தந்தத்தாலோ ஆன, ஆறு விரல் துளைகளும் ஒரு சாவியும் மட்டும் கொண்ட குழலுக்கு. அந்தக் குழலில் சில சுரங்களுக்கு விரல்களை ஒன்றுவிட்டு ஒன்று மூடியும் திறந்தும் வாசிக்க வேண்டும். அவ்வாறு வரும் சுரங்கள் மங்கலாகவும் திரையிட்டது போலவும் ஒலிக்கும். ஆகவே ஒவ்வொரு சுருதித் தளத்துக்கும் தனி நிறம் உண்டாகும். இசையமைப்பாளர்கள் அந்த நிறங்களை அறிந்தே எழுதினார்கள். பேம் குழலோ எல்லாச் சுரத்தையும் சமமாக ஒளிரவைக்கும்.

விவால்டியின் ‘இரவு’ என்ற கான்செர்ட்டோவில் இதை நேரடியாகக் கேட்கலாம். அதில் பேய்கள் அலையும் பகுதியும் உறக்கத்தைச் சித்திரிக்கும் மெதுவான பகுதியும் வருகின்றன. ஒற்றைச் சாவிக் குழலில் அந்த உறக்கம் உண்மையாகவே கண் செருகுகிறது. ராம்பாலின் பதிவில் அது அழகாக இருக்கிறது, ஆனால் அறையில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. இதை ஒப்புக்கொள்வதால் அவர் பெருமை குறையாது.

வேறு வேறுபாடுகளும் உண்டு. அவர் எப்போதும் சுரத்தின்மீது மெல்லிய அதிர்வை ஓடவிட்டார். பரோக் காலத்தில் அது இடமறிந்து சேர்க்கும் அணி. பிரெஞ்சுக் கலைஞர்கள் மூச்சால் அல்லாமல் துளையின் ஓரத்தில் விரலை அசைத்து அந்த அதிர்வை உண்டாக்கினார்கள். சமமாக எழுதப்பட்ட சிறு சுரங்களை நெட்டையும் குட்டையுமாக வாசிக்கும் பிரெஞ்சு வழக்கமும் அன்று இருந்தது. சுருதியும் வேறு: இன்று அடிப்படையாகக் கொள்ளும் ‘ஏ’ சுரம் 440 அதிர்வெண்ணில் இருக்க, பரோக் கலைஞர்கள் பொதுவாக 415-ஐ வைத்துக்கொள்கிறார்கள், அதாவது அரைச்சுரம் கீழே.

இந்த நுணுக்கங்களை மீட்டவர்கள் அடுத்த அணியினர். நெதர்லாந்தின் ஃபிரான்ஸ் ப்ரூக்கன், பெல்ஜியத்தின் பார்தோல்ட் கைக்கன் ஆகியோர் பழைய குழல்களையும் அவற்றின் நகல்களையும் எடுத்து, குவாண்ட்ஸ் 1752-இல் எழுதிய பெருநூலைப் படித்து, அந்தக் குரலை மறுபடி உருவாக்கினார்கள். ராம்பால் மீட்டது படைப்புகளை, இவர்கள் மீட்டது படைப்புகளின் குரலை. இரண்டும் வேண்டும், இரண்டுக்கும் ஒரு வரிசையும் இருந்தது என்பது என் முடிவு. படைப்பே தெரியாத மக்களிடம் அதன் உண்மையான குரல் எது என்று பேசியிருக்க முடியாது. 1970-களில் பழைய வாத்தியக் கலைஞர்கள் பாக்கின் குழல் சொனாட்டாக்களை வெளியிட்டபோது, அவற்றை வாங்கக் காத்திருந்தவர்களில் பலர் அந்த இசையை முதலில் ராம்பாலின் தட்டில் கேட்டு நேசித்தவர்கள். அவரை வரலாற்றின் பிழையாகச் சித்திரிக்கும் விமர்சனம் அந்த ரசிகர்களை உருவாக்கியது யார் என்பதை மறந்துவிடுகிறது.

பரோக் தவிர வேறு இசையை அவர் வாசித்தாரா?

நிறைய வாசித்தார். பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலென்க் தம் குழல் சொனாட்டாவை 1957-இல் ஸ்ட்ராஸ்பர்க் விழாவில் ராம்பாலோடு சேர்ந்து அரங்கேற்றினார். மறு ஆண்டு வாஷிங்டனின் காங்கிரஸ் நூலகத்தில் ராம்பாலின் அமெரிக்க அறிமுகம் அதே படைப்போடு நடந்தது. 1956 முதல் 1962 வரை பாரிஸ் ஓபராவின் முதன்மைக் குழல் கலைஞராகவும் இருந்தார். கிளோத் போலிங் எழுதிய, குழலும் ஜாஸ் பியானோவும் இணையும் தொகுப்பின் 1975 பதிவு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் பல ஆண்டுகள் நீடித்தது. அந்தத் தொகுப்பின் குழல் பகுதிகள் பரோக் நடையிலேயே எழுதப்பட்டிருப்பது தற்செயல் அன்று.

இந்திய இசையோடு அவருக்குத் தொடர்பு இருந்ததா?

இருந்தது, ஆனால் சிறியது. 1976-இல் வெளியான மேற்கும் கிழக்கும் சந்திக்கும் இசைத்தட்டு வரிசையின் மூன்றாம் தொகுதியில், ரவிசங்கர் அவருக்காக எழுதிய இசையை வாசித்திருக்கிறார். ஒன்று நட் பைரவ் ராகத்தில் சித்தாருடனும் தபலாவுடனும், மற்றொன்று இந்துஸ்தானித் தோடியில் ஹார்ப் வாத்தியத்துடனும் அமைந்தவை. நம் காதுக்கு முதலாவது சரசாங்கியின் சுரங்களாகவும், இரண்டாவது சுபபந்துவராளியின் சுரங்களாகவும் கேட்கும். சாவிகள் நிறைந்த குழலில் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்வது எளிதன்று. அந்தக் குறையை அவர் மறைக்க முயலாமல், தம் வாத்தியத்துக்கு இயல்பான தெளிந்த உச்சரிப்பிலேயே வாசித்தார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

அவர் செய்த பதிப்புகளும் கற்பித்தலும் எவ்வாறு பயன்பட்டன?

நியூயார்க் பதிப்பகம் ஒன்றுக்காக அவர் செப்பனிட்ட குழல் இசை நூல்கள் மாணவர்களின் மேசைகளுக்கு வந்தன. அவற்றில் அவர் சேர்த்த மூச்சுக்குறிகளும் இணைப்புக்குறிகளும் மூலத்தில் உள்ளவை அல்ல, அவருடைய சொந்த முடிவுகள். இன்றைய மாணவர் மூலத்தை ஒட்டிய பதிப்பை அருகில் வைத்துக்கொண்டு அவற்றைப் படிப்பது நல்லது. 1969 முதல் 1981 வரை பாரிஸ் கன்சர்வட்வாரில் பேராசிரியராக இருந்தார். நீஸ் நகரின் கோடைக்கால இசைப்பள்ளியில் அவர் நடத்திய வகுப்புகளுக்குப் பல நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். 1980-இல் அவர் பெயரால் பாரிஸில் சர்வதேசக் குழல் போட்டி தொடங்கியது.

அவருடைய இறுதிச் சடங்கில் எந்த இசை வாசிக்கப்பட்டது?

2000 மே மாதத்தில் அவர் இறந்தபோது அவருக்கு வயது 78. சடங்கில் சக குழல் கலைஞர்கள் புவாமோர்ட்டியேயின் ஏ மைனர் இரண்டாம் கான்செர்ட்டோவின் மெதுவான பகுதியை வாசித்தார்கள். புவாமோர்ட்டியே 1755-இல் இறந்த பிரெஞ்சு இசையமைப்பாளர். ஏராளமாக எழுதிச் செல்வம் சேர்த்தவர், பின்னர் அதே காரணத்தால் மட்டமாக மதிப்பிடப்பட்டு மறக்கப்பட்டவர். அவரை வாசிக்கத் தகுந்தவர் என்று ராம்பால் வாழ்நாள் முழுதும் வாதாடினார். பாக்கை அல்லாமல் அவரைத் தேர்ந்தெடுத்தது பொருத்தமான அஞ்சலி.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர் எங்கே தொடங்கலாம்?

விவால்டியின் பத்தாம் தொகுதியில் மூன்றாவதான ‘பொன்பறவை’ கான்செர்ட்டோவில் தொடங்கலாம். குழல் பறவையாகவே மாறும் அந்த இசைக்கு எந்த முன்னறிவும் தேவையில்லை. ராம்பாலின் துள்ளல் அங்கே முழு ஒளியில் இருக்கிறது. அடுத்து பாக்கின் பி மைனர் சொனாட்டா. வெய்ரோன்-லக்ருவாவின் வலக்கை குழலுக்குச் சமமாக உரையாடுவதை அதில் கவனிக்கலாம். டெலிமானின் 12 தனிக்குழல் கற்பனைகளைப் பொறுமையாக, நாளுக்கு ஒன்றாகக் கேட்பது சிறந்தது.

அதன் பிறகு பாக்கின் ஏ மைனர் தனிக்குழல் தொகுப்பை இருமுறை கேளுங்கள், முதலில் ராம்பாலிடம், பிறகு கைக்கனிடம். 20-ஆம் நூற்றாண்டில் கண்டெடுக்கப்பட்டு 1917-இல் அச்சான அதன் முதல் பகுதியில் சுரங்கள் இடைவெளியே இல்லாமல் ஓடுகின்றன, மூச்செடுக்க பாக் இடமே விடவில்லை. ஒவ்வொரு கலைஞரும் எந்தச் சுரத்துக்குப் பின் மூச்சைத் திருடுகிறார் என்று கவனித்தால், அவர் அந்த வாக்கியத்தை எங்கே பிரித்துப் படிக்கிறார் என்பது தெரியும். பகுதியின் முடிவில் குழல் ஏறி நிற்கும் அந்த மிக உயர்ந்த ‘ஏ’ சுரத்துக்குக் காத்திருங்கள். ஒற்றைச் சாவி மரக்குழல் அதைத் தன் எல்லையில் நின்று, பெருமுயற்சியோடு தருகிறது. ராம்பாலின் குழலில் அது எந்தச் சிரமமும் இல்லாமல் மிதந்து வருகிறது.